வீரபாகு விடும் இடைவெளி

திவச வீட்டில் கிட்டார் வாசித்தாளாம் என்று தெரிந்தால் பிள்ளையார்பாளையம் என்ன பேசும் என்பது வடிவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் வாசித்தாள். ஆனால் அதற்கு முன்னால் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் ஊரோடு சேர்ந்துகொண்டு அவளைத் திட்டுவீர்கள்.

சென்ற வாரம் வரை கூட வந்தவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சில வரிகள். நெசவாளர் உமாபதிக்கு ஒரே மகன், வீரபாகு. வடிவின் புருஷன். பகலெல்லாம் தறி, பொழுது சாய்ந்தால் நண்பன் சபாபதியின் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார். "தறியா, கிட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடா" என்று அப்பா ஒருநாள் கத்தினார். மகன் இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு வெறுங்கையோடு தெருவில் இறங்கினான். சில நாள் கழித்துத் தென்னேரி ஏரியில் ஓர் உடல் மிதந்தது. தண்ணீரில் ஊறி, முகம் முகமாக இல்லை. குழுவுக்கென்று தைத்த நீலச் சட்டையைப் பார்த்து உமாபதி, "என் பையன்தான்" என்றார். ஏரிக்கரையிலேயே எரித்துவிட்டு வந்தார்கள். வடிவைப் பார்க்க விடவில்லை.

சட்டையைத்தான் பார்த்தார்கள், ஆளை யார் பார்த்தார்கள் என்பது வடிவின் கேள்வி. ஒரு வருஷமாக அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

இன்று தலைத்திவசம். வீரபாகு பாதி நெய்துவிட்டுப் போன சேலை அவன் தறியிலேயே கிடக்கிறது. தலைத்திவசம் கழிந்ததும் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை அறுத்து எடுத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். அறுத்துவிட்டால், ஆள் இல்லை என்று வீடே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உமாபதி கத்தரியைக் காலையிலேயே சாணை பிடித்து வைத்திருந்தார். வடிவுக்கு வேறு கவலை எதுவும் இல்லை. அந்தக் கத்தரி அந்தப் பாவில் படக்கூடாது. அவ்வளவுதான்.

"வடிவு, நீ குளிச்சிட்டுக் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வந்துடும்மா" என்றாள் மாமியார் தில்லையம்மாள், அடுப்படியிலிருந்து.

வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னைக்கா அத்தே? வூட்ல திவசத்தை வச்சிக்கினு நான் கோயிலுக்குப் போறதா?"

"இன்னைக்கு வெள்ளிக்கெழம ஆச்சே. வாரா வாரம் போறதை எதுக்கு வுடணும்? வேலையை நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை தோறும் தாலி இழந்த மருமகளைத் தலைவாரிப் பூ வைக்காத குறையாகக் கோயிலுக்கு அனுப்பி வைக்கும் மாமியாரை எங்கே பார்க்க முடியும்? தெருவே மெச்சிக்கொண்டது. வெள்ளிக்கிழமையில் உமாபதியும் நெய்த சேலையை எடுத்துக்கொண்டு பட்டுக்கடைக்குப் போய்விடுவார். தில்லையம்மாள் மட்டும் தனியாக இருப்பாள். வயசானவள், ஒருநாளாவது நிம்மதியாக அழட்டும் என்று வடிவும் மறுபேச்சில்லாமல் போய்வருவாள்.

இன்று மறுத்தாள். "மாட்டேன் அத்தே. திவசம் பண்ற தேசிகர் வர்ற நேரம்."

தில்லையம்மாளின் முகம் ஏனோ வெளுத்துப் போயிற்று. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்து, பிறகு எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

சர்வதீர்த்தக் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு உமாபதி ஈரவேட்டியோடு வந்தார். பின்னாலேயே தேசிகரும் வந்தார். கூடத்தில் தர்ப்பையும் எள்ளும் பரப்பியாயிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. சபாபதி இறங்கினான்.

வரச்சொன்னவர் உமாபதிதான். கிட்டாரும் அதற்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் ஒரு வருஷமாக வீரபாகுவின் தறிக்குப் பக்கத்தில் மூலையில் கிடக்கின்றன. "திவசத்தோட திவசமா அதையும் எடுத்துக்கினு போயிடுப்பா. என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"வாங்க" என்றாள் வடிவு. "உள்ளாரத்தான் இருக்குது."

தறி வீட்டுக்குள் நுழைந்ததும் சபாபதி செருப்பில்லாத காலைக்கூடப் பார்த்துப் பார்த்து வைத்தான். தறிக்குழி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாகப் பாதிச் சேலை விறைப்பாக நின்றது. மேலே தூசி. எல்லாவற்றின் மேலும் தூசி. பெட்டியின் முன்பக்கம் இருந்த குமிழ்களில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. வடிவு அதைப் பார்த்தாள். எலி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எலி எப்படிக் குமிழைத் துடைக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

"அண்ணே, எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி இதைப் போட்டுக் குடுங்க. நான் வாசிக்கணும்."

"இன்னா அண்ணி சொல்றீங்க! நீங்க வாசிக்கிறதா?"

"கத்துக்கினேன்."

கத்துக்கொண்ட கதை பெரிசு. சுருக்கமாகச் சொல்கிறேன். வீரபாகுவுக்கு ஓர் ஆங்கிலப் பாட்டு இசைத்தட்டின் மேல் உயிர். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக வரும் ஒரு சின்னத் துண்டு உண்டு. தடித்த கம்பியில் உறுமிக்கொண்டே ஏறும், ஏறி நின்று திரும்பும், திரும்பினதும் மறுபடி முதலிலிருந்து. குழுக்காரர்கள் அதை 'பிட்' என்பார்கள். வீரபாகு அதைத் தினமும் வாசித்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் அதை முடித்துவிட்டுத்தான் வருவான். வடிவுக்கு அவன் விரல்கள் எங்கே போகும், எங்கே திரும்பும் என்பதெல்லாம் கண்ணை மூடினால் தெரியும்.

அவன் போன பிறகு, மாமனார் தறியில் பலகை அடிக்கிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவள் கிட்டாரை மடியில் வைத்துப் பழகினாள். மின்சாரம் இல்லாமல் அது கொசு மாதிரிதான் முனகும். யாருக்கும் கேட்காது. பட்டிழை அறுத்துக் காய்த்த விரல்தானே, கம்பியெல்லாம் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். நன்றாகவே செய்தது. இடதுகை விரல் நுனிகள் கோடு கோடாக வெடித்தன. அழுத்தம் போதாவிட்டால் கம்பி கரகரக்கும். அதிகமானால் சுரம் பிசகும். வலது உள்ளங்கையைக் கம்பியின் மேல் லேசாகப் பதித்தால்தான் அந்த உறுமல் வரும் என்பதைக் கண்டுபிடிக்கவே கோடை போய் மழை வந்துவிட்டது.

விரல்கள் படிந்த பிறகும் ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. வீரபாகு வாசிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் ஒரு மூச்சு நேரம் நிற்பான். இசைத்தட்டில் அந்த நிறுத்தம் கிடையாது. "டேய், அந்த எடத்துல இன்னாத்துக்குடா நிக்கிற? தாளம் போவுது!" என்று சபாபதி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறான். வீரபாகுவால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது வடிவுக்குத் தெரியும்.

கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் நெய்யக்கூடியதல்ல. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். தறிக்காரன் உடலுக்கான குறுக்கிழையை ஓட்டும் நாடாவை விடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவை அனுப்ப வேண்டும். இரண்டு இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்ட பிறகுதான் பலகையால் அடித்து நெருக்கலாம். அந்த ஒரு மூச்சு நேரம் தறிக்காரன் கை காத்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து வீரபாகுவின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா விட்டவள் வடிவு. தறியில் காத்திருந்த கை கிட்டாரிலும் அவளுக்காகக் காத்திருந்தது. இது சபாபதிக்கு எப்படிப் புரியும்?

வேடிக்கை என்னவென்றால் வடிவின் கைக்கு வேறு ஒரு பழக்கம். அந்த இடம் வந்ததும் அவளால் நிற்க முடியாது. அவன் சும்மா இருக்கிற நேரம்தானே அவளுக்கு வேலை! எத்தனை முயன்றாலும் அந்த நிறுத்தத்தில் மெல்லிய கம்பியில் அவள் விரல் ஒரு தட்டுத் தட்டிவிடும். இசைத்தட்டிலும் இல்லாத, வீரபாகுவிடமும் இல்லாத ஒரு சுரம். சே, தப்பு, தப்பு என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"உங்க மாமனாரு காதுல வுழுந்தா என் தோலை உரிச்சிடுவாரு அண்ணி" என்றான் சபாபதி.

"சன்னமா வைங்க. அவரு கூடத்துல இருக்காரு."

கூடத்தில் இல்லை. பிண்டம் வைத்து முடிந்து, காக்கைக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு உமாபதி கொல்லைக்குப் போயிருந்தார். "கா... கா..." என்று அவர் கூப்பிடுவது கேட்டது. பிள்ளையார்பாளையத்தில் காக்கைக்குப் பஞ்சமா? சாதாரண நாளில் பாவு போடக் காயவைத்த நூலின் மேல்கூட வந்து உட்காரும். இன்று ஒன்றையும் காணோம். உமாபதி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சலாக மாறியது.

சபாபதி குமிழைத் திருப்பினான். பெட்டிக்குப் பின்னால் வால்வுகள் சிவப்பாகக் கண் விழித்தன. ரீங்காரம் எழுந்து அறை முழுவதும் பரவியது. தறியில் விறைத்து நின்ற பாவிழைகள் அந்த ரீங்காரத்தில் லேசாக நடுங்கின.

வடிவு சோப்புப் பெட்டி மூடியில் வெட்டிய வில்லையை விரலிடையில் பிடித்து, தடித்த கம்பியை மீட்டினாள்.

தன் கையிலிருந்து இத்தனை பெரிய ஒலி வருமென்று அவள் நினைக்கவில்லை. பயத்தில் நிறுத்திவிட்டாள்.

அவள்தான் நிறுத்தினாள். பெட்டி நிறுத்தவில்லை.

வீரபாகு வாசிக்கும் அதே துண்டு. அதே உறுமல். ஆழத்திலிருந்து, போர்வைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி மங்கலாக ஏறியது. ஏறி, அந்த இடத்துக்கு வந்தது. நின்றது.

"சபாபதி அண்ணே..."

"ஒண்ணுமில்லே அண்ணி, ஒண்ணுமில்லே" என்றான் சபாபதி. "இந்தப் பொட்டி பழசு. சில நேரம் ரேடியோவைப் புடிச்சிக்கும். கல்யாணக் கச்சேரி நடுவுல சிலோன்காரன் நியூஸ் படிச்சிருக்கான், நீங்க வேற. இது எவனோ அந்தத் தட்டைப் போட்டுக்கினு இருக்கான்."

"தட்டுல அந்த எடத்துல நிறுத்தமே கெடையாதே."

சபாபதி பெட்டியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

வடிவின் விரல் அவளைக் கேட்காமலே மெல்லிய கம்பியைத் தட்டியது. இத்தனை நாளாகத் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டாளே, அதே தட்டு. உடனே பெட்டியில் துண்டு மேலே நகர்ந்தது. திரும்பி, முடிந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அந்த இடத்தில் வந்து நின்றது.

வடிவு இப்போது கையை எடுத்துவிட்டாள். முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி ரீங்காரம் செய்தது. கொல்லையில் "கா... கா..." கேட்டது. ரிக்‌ஷாக்காரன் வாசலில் இருமினான். தேசிகர் தண்ணீர் கேட்டு, தில்லையம்மாள் கொடுத்து, சொம்பை வைக்கிற சத்தமும் கேட்டது. துண்டு நகரவில்லை. அந்தப் பக்கம் யாரோ கம்பி மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு சிறு கீறல் ஒலி மட்டும் அவ்வப்போது வந்தது.

ரேடியோ யாருக்காகவும் காத்திருக்காது.

வடிவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். சந்தோஷமும் இருந்தது. கையை வெளியே எடுத்து, தட்டினாள். துண்டு நகர்ந்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து வாசித்தாள். அவன் நிற்கிற இடத்தில் அவள், அவள் விடுகிற இடத்தில் அவன். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு இழையும் கோத்துக்கொண்டன.

"ஐயோ! நிறுத்துடி!"

தில்லையம்மாள் ஓடிவந்தாள். கதவில் இடித்துக்கொண்டதுகூடத் தெரியாமல் நேரே பெட்டிக்குப் போய், வரிசையாக இருந்த குமிழ்களில் பளிச்சென்று இருந்ததைப் பிடித்துத் திருப்பினாள். ரீங்காரம் அடங்கியது. வால்வுகள் கறுத்தன.

சபாபதி வாயைத் திறந்தபடி நின்றான். மகன் போன நாளிலிருந்து அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பியும் பார்க்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லும் தில்லையம்மாள் அவள்.

"அத்தே, எந்தக் குமிழைத் திருப்பணும்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள் வடிவு.

தில்லையம்மாள் பெட்டியின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழமையில வருது" என்றாள். "தூசி தட்டப் போனப்போ கை பட்டுத் திரும்பிக்கிச்சு. மொத வாட்டி அப்டித்தான் கேட்டேன். அப்புறம் வாரா வாரம். உன்னைக் கோயிலுக்கு அனுப்பிட்டு நான் உக்காந்து கேட்டுக்கினு இருந்தேன்."

"இன்னாடி சொல்ற?" என்று கதவருகில் குரல் கேட்டது. உமாபதி நின்றுகொண்டிருந்தார். காக்கைக்கு வைத்த கை சோற்றுப் பருக்கையோடு இருந்தது. இன்னொரு கையில் கத்தரி.

"செத்தவன் பொண்டாட்டியக் கூப்டறான்யா" என்றாள் தில்லையம்மாள். "இவ காதுல வுழுந்தா எழுந்து பின்னாலயே போயிடுவா. ஏரியில எறங்கிடுவா. ஒண்ணைக் குடுத்தது போதாதா? அதான் மறைச்சேன்."

வடிவு கிட்டாரைத் தறி மேல் சாய்த்து வைத்துவிட்டு மாமியாரின் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருஷ வெள்ளிக்கிழமைகளை நினைத்துப் பார்த்தாள். கோயிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் மாமியாரின் கண் வீங்கியிருந்ததை நினைத்துப் பார்த்தாள்.

"அதுக்கு மட்டுமா அத்தே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தில்லையம்மாளின் உதடு கோணியது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது உடைந்தது.

"பெத்தவடி நான்! வாரா வாரம் இந்தப் பொட்டி முன்னாடி உக்காந்துக்கினு, 'பாகு, அம்மா வந்திருக்கேன்டா, பேசுடா'ன்னு கேட்டேன். அந்த எடத்துக்கு வருவான், நிப்பான். நான் பேசிக்கினே இருப்பேன். அழுவேன். கையால பொட்டியைத் தட்டுவேன். அவன் நின்னுக்கினே இருப்பான். எனக்கோசரம் ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டிகூட மேல வாசிக்கலே. இன்னைக்கு நீ கம்பியைத் தொட்டதும் வாசிக்கிறான் பாரு!"

கொல்லையில் காக்கைச் சத்தம் இன்னும் இல்லை. உமாபதி கையிலிருந்த கத்தரியைத் திறந்து திறந்து மூடினார்.

வடிவு எழுந்துபோய் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார்.

"மாமா, ஏரியில அன்னைக்கு மொகத்தைப் பாத்தீங்களா?"

உமாபதி தரையைப் பார்த்தார். "மொகம்னு ஒண்ணு இல்லம்மா. சட்டையைத்தான் பாத்தேன். அதுக்கு மேல பாக்க என்னால முடியலே."

"அப்போ பாவு நூலை அறுக்காதீங்க. நான் தென்னேரிக்குப் போறேன். தண்ணியில இருந்து தூக்கினவங்க யாராவது இருப்பாங்க இல்லே? அவங்களைக் கேக்கறேன். எரிச்சது உங்க புள்ளையைத்தான்னா வந்து நானே அறுக்கறேன். இல்லேன்னா, வேற யாரையோ எரிச்சிட்டு ஒரு வருஷமா அவங்களுக்கு அழுதுக்கினு இருக்கோம்."

"திவசம் இன்னும் முடியலையேம்மா" என்று கூடத்திலிருந்து தேசிகர் குரல் கொடுத்தார்.

"யாருக்குன்னு தெரிஞ்சப்புறம் முடிக்கலாம் சாமி."

மாமனார் முன்னால் அவள் இத்தனை பேசியது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. உமாபதி தடுக்கவில்லை. வழியை விட்டு விலகி நின்றார். வடிவு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ரிக்‌ஷாவை அனுப்பிடாதீங்க அண்ணே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவணும்" என்றாள் சபாபதியிடம். வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் வெயில் இறங்குவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விடலாம்.

வாசலைத் தாண்டினவளைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது.

"இருடி, நானும் வரேன்" என்றாள் தில்லையம்மாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, அவிழ்ந்த கூந்தலை அப்படியே முடிந்துகொண்டாள். "நீ பக்கத்துல இருந்தா, நான் கூப்டறதும் அவனுக்குக் கேக்குமோ இன்னவோ."